இதைப்போல் தெளிவாக அனுப்பவும்

பிள்ளைகளின் தரவை எப்படிப் பாதுகாப்பது என்று எங்களுக்குச் சொல்லித்தர மன்னாரில் நடந்த முதல் கூட்டத்தில், வாசலிலேயே ஒரு தாளை வைத்திருந்தார்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், கையெழுத்து. எல்லோரும் வரிசையில் நின்று எழுதினோம். எனக்குப் பின்னால் நின்ற ஆசிரியர் தாளில் எனக்கு மேல் எழுதியிருந்தவரின் அடையாள அட்டை இலக்கத்தைத் தன் கட்டத்தில் எழுதிவிட்டு, "ஐயோ, ஆற்றயோ எழுதிப்போட்டன்" என்று சிரித்தார். பிறகு அந்தத் தாள் தேநீர் மேசைக்குப் போனது. ரோல்ஸ் தட்டுக்குக் கீழே கிடந்து, எண்ணெய் ஊறி, பின்னேரம் யாரோ ஒருவர் கைதுடைக்க எடுத்ததை நானே கண்டேன்.

கொழும்பிலிருந்து வந்தவர் கணினித் திரையில் ஒரு பூட்டையும் ஒரு சிறுமியையும் காட்டினார். பிள்ளையின் தரவு அந்தப் பிள்ளையின் மானம் என்றார். கைதட்டினோம். மானத்தைப் பற்றிப் பேசிமுடித்த கையோடு, முன்வரிசையில் இருந்த இரண்டு பாடசாலைப் பிள்ளைகளை எழுப்பி நிறுத்திப் படமெடுத்து, அங்கேயே முகநூலில் போட்டார். பெயரும் பாடசாலையும் வகுப்பும் சேர்த்துத்தான். இல்லாவிட்டால் யார் நம்புவார்கள்?

இப்படியான ஆட்களோடுதான் நான் ஒன்றரை வருடம் வேலை செய்தேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அதற்கு விளம்பரம்.

அப்போது தகவல் தொழில்நுட்பத்தில் பட்டம் எடுத்துவிட்டு வேலைக்காக அலைந்துகொண்டிருந்தேன். வேலை கிடைத்த மறுநாளே தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இறக்கி, அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் வைத்து வாசித்தேன். பென்சிலால் கோடிட்டேன். எங்கள் கந்தோரில் அதை முழுதாக வாசித்தது நான் ஒருத்திதான் என்ற பெருமையோடு தோள்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சட்டம் பிழையில்லை. அதை இப்போதும் சொல்வேன். பதினாறு வயதுக்குக் கீழே பிள்ளை. பிள்ளையின் தரவை எடுப்பதானால் தாய் தகப்பனிடம் சம்மதம் வாங்கு. தேவைக்கு மேல் எடுக்காதே. இவ்வளவையும் சின்ன வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னாலும் விளங்கும். பெரிய ஆட்களுக்குத்தான் விளங்காது.

எங்கள் வேலை இதுதான். கரையோரப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் இணையவழி ஆங்கிலமும் கணிதமும். மன்னார் நகரில் ஒரு நிலையம், கொஞ்சம் டப்லெட், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாடத் தளத்தில் ஒரு கணக்கு. கணக்குத் திறக்கப் பிள்ளையின் வயதைச் சரிபார்க்கவேண்டும். வேறு நாடுகளில் இதற்காக முகத்தைக் கமெராவில் காட்டச் சொல்கிறார்களாம். அதுவும் ஒரு கூத்து. எங்கள் நாட்டுக்குக் கமெரா தேவையில்லை. எங்களிடம் போட்டோக்கொப்பி இருக்கிறது. வயதைக் கேட்டால் பத்திரம் கேட்போம். பத்திரத்தைக் காட்டினால் கொப்பி கேட்போம். கொப்பியைத் தந்தால் அதில் கிராம அலுவலரின் சீல் எங்கே என்று கேட்போம். பிள்ளை முன்னால் நிற்கும். பல் விழுந்த வாயோடு நிற்கும். அதற்குப் பதினாறு வயதாகவில்லை என்பதை ஆஸ்பத்திரிச் சந்தியில் நிற்கிற கழுதையும் சொல்லும். ஆனாலும் எங்களுக்குக் கொப்பி வேண்டும்.

சம்மதம் வாங்கிய அழகு அதைவிடப் பெரிது. பெற்றோரின் தொலைபேசிக்கு ஒரு இரகசிய இலக்கம் போகும். அதை அவர்கள் தளத்தில் பதிந்தால் சம்மதம். முதல் சனிக்கிழமை தேநீர் இடைவேளைக்குள் அவ்வளவு பெற்றோரும் சம்மதித்துவிட்டார்கள். எப்படியென்றால், தொலைபேசிகளைப் பிள்ளைகள் காற்சட்டைப் பைக்குள் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு பொடியன் தாயின் தொலைபேசியில் ஒருக்கால், தகப்பனின் தொலைபேசியில் ஒருக்கால் என்று தனக்குத் தானே இரண்டுதரம் சம்மதித்தான். அறிக்கையில் 'பெற்றோரின் ஈடுபாடு மிகச் சிறப்பு' என்று எழுதினார்கள்.

பத்திரங்களைப் பதிவேற்றும் பக்கம் மட்டும் வேலை செய்யவில்லை. எதைப் போட்டாலும் 'கோப்பு பெரிது' என்று துப்பியது. இணைப்பாளரிடம் சொன்னேன். அவர் நாற்பது வயதுக்காரர், நல்ல சேட்டு, நல்ல சப்பாத்து, மாதத்தில் பாதி நாள் கொழும்பில்.

"தங்கச்சி, ஏன் மண்டையைப் போட்டு உடைக்கிறியள்? ஒரு வட்ஸ்அப் குறூப் தொடங்கினாச் சரிதானே. எல்லாரையும் அதுக்குள்ள போடச் சொல்லுங்கோ."

"சேர், குறூப்பெண்டா எல்லாரும் எல்லாற்றயும் பாப்பினமே."

"எல்லாரும் பெற்றோர்தானே. வெளி ஆக்களோ?"

"சட்டத்தில அப்பிடி இல்லை, சேர்."

"சட்டத்தை நான் கொழும்பில படிச்சனான். நீங்கள் குறூப்பைப் பாருங்கோ. அட்மின் நான் ஒராள்தான். பொறுப்பு ஒராளிட்ட இருக்கவேணும்."

நான் எதிர்த்து நின்றேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நிற்கவில்லை. குறூப்புக்கு ஒரு நல்ல படம் தேடிக்கொடுத்தேன். ஒரு பூட்டு.

படங்கள் வந்து விழுந்தன. சரிந்த படம், பெருவிரல் மூடிய படம், படுக்கை விரிப்பில் வைத்து எடுத்ததால் பூவிதழ்களுக்கு நடுவில் பத்திரம் கிடக்கிற படம். ஒரு தாய் தன் கலியாணப் பதிவை அனுப்பினாள். ஒரு தகப்பன் தன் படகின் பதிவுப் பத்திரத்தை அனுப்பி, கீழே குரல் பதிவு ஒன்றும் போட்டார்: "மிஸ், வீட்டில அகப்பட்ட பத்திரம் இதுதான். மற்றதைத் தேடுறம்." இணைப்பாளர் ஒவ்வொன்றுக்கும் 'தெளிவில்லை' என்று பதில் போட்டார். தெளிவு அவருக்கு ஒரு நோய்.

ஒரு பின்னேரம் ஒரு பெண் நிலையத்துக்கு வந்தாள். தாழ்வுபாட்டுப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். மகள் எங்கள் வகுப்பில் படிக்கிறவள், பதினாலு வயது, கணிதத்தில் மற்றவர்கள் ஒரு கணக்குச் செய்வதற்குள் மூன்று செய்கிறவள். மற்றப் பெற்றோர் போகும்வரை தாய் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து மூடிக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி, உந்தக் குறூப்பில போடாமல் கையில தரலாமோ?"

"தரலாம் அக்கா. ஏன், போன் பிழையோ?"

"போன் நல்லாத்தான் கிடக்கு. பத்திரத்திலதான் விசயம் கிடக்கு."

பிளாஸ்ரிக் உறைக்குள் ஒரு கலண்டர் தாள், அதற்குள் பிறப்புச் சான்றிதழ். விரித்து மேசையில் வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்தைத்தான் பார்த்தாள். தகப்பனின் பெயருக்கான கட்டத்தில் ஒரு கோடு. பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கட்டத்தில் 'இல்லை.' பழைய பத்திரங்களில் இப்படி ஒரு கேள்வி உண்டு. பிறந்தது பிள்ளை, மறுமொழி சொல்லவேண்டியதும் பிள்ளை, வாழ்நாள் முழுக்க.

"இப்ப இருக்கிற மனிசன் அவளுக்கு ஒண்டரை வயசில இருந்து தூக்கி வளத்தவர். அவளுக்கு அவர்தான் அப்பா. ஊரிலயும் அப்பிடித்தான் நினைச்சிருக்கினம். நான் இலுப்பைக்கடவைப் பக்கம், இஞ்ச என்னை முந்தித் தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

"அவவுக்குத் தெரியாதோ?"

"பதினெட்டு வயசுக்குப் பிறகு சொல்லுவன். நான்தான் சொல்லவேணும், தங்கச்சி. வேற ஆரும் சொல்லி அவள் கேக்கக்கூடாது. எனக்கு அது ஒண்டுதான்."

"அப்ப பள்ளிக்கூடத்தில சேர்க்கேக்க என்ன செய்தனீங்கள்?"

"அதிபர் சிஸ்டரிட்டக் காட்டினன். வாங்கிப் பாத்திட்டு, 'கண்டிட்டன், கொண்டுபோ' எண்டு திருப்பித் தந்திட்டா. கொப்பி கேக்கேல்லை."

நான் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கும். "அது அவவின்ர முறை, அக்கா. இது சட்டம். கொப்பி ஒண்டு வைக்கத்தான் வேணும்."

"கிளினிக் கொப்பி கிடக்கு. அதில பிறந்த திகதி எழுதியிருக்கு. அது காணாதோ?"

"காணாது அக்கா. ஆனா பயப்பிடாதேங்கோ. இந்தச் சட்டமே உங்களைப்போல ஆக்களுக்காகத்தான் வந்தது. எங்கட கந்தோருக்கு வெளியில ஒருத்தரும் காணமாட்டினம்."

"சத்தியமாவோ?"

"சத்தியமா."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல்! தேவைக்கு மேல் எடுக்காதே என்ற பிரிவுக்கு நான் கோடிட்டிருந்தேன். தேவை வயது மட்டும். வயதை என் கண்ணால் பார்த்தாகிவிட்டது. பதிவேட்டில் பதினாலு என்று எழுதி, பத்திரத்தைக் கலண்டர் தாளில் சுற்றி அவள் கையில் கொடுத்திருந்தால் சட்டமும் மகிழ்ந்திருக்கும். ஆனால் கொப்பி இல்லாமல் ஒரு விசயம் நடந்ததாக நம்புவதற்கு இந்த நாட்டில் ஒருவருக்கும் பயிற்சி இல்லை. சட்டத்தை இரண்டு மொழியில் வாசித்த எனக்கும் இல்லை.

அந்தப் பத்திரத்தை நான் ஸ்கான் பண்ணிய விதத்தைச் சொல்லவேண்டும். கண்ணாடியைச் சால்வையால் துடைத்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு புத்தகத்தை வைத்து அழுத்தினேன். நேராக, நிழலில்லாமல், ஒவ்வொரு எழுத்தும் கல்லில் வெட்டினதுபோல வந்தது. குறூப்பில் போடாமல், இணைப்பாளருக்குத் தனி மின்னஞ்சலில், தலைப்பில் 'இரகசியம்' என்று போட்டு அனுப்பினேன். என் கணினியில் இருந்ததை அழித்தேன். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன். பிறகு கடைக்குப் போய் ஒரு பால்தேத்தண்ணி குடித்தேன், பெரிய வேலை முடித்தவள் மாதிரி.

இதை எழுதுவதே இன்னொரு கொப்பிதானே என்று நீங்கள் கேட்கலாம். ஊரை மாற்றியிருக்கிறேன். வயதையும் மாற்றியிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் எழுதியிருந்த விசயத்தையே மாற்றியிருக்கவும் கூடும். எதை மாற்றவில்லை என்று சொல்லப்போவதில்லை. என் கந்தோர் செய்ததைவிட இது அதிகம்.

அடுத்த கிழமை சிலாவத்துறையில் பெற்றோர் கூட்டம். முன்பள்ளி ஒன்றில், சின்னக் கதிரைகளில் பெரிய ஆட்கள் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தார்கள். நான் பத்திரங்கள் எவ்வளவு பாதுகாப்பாக இருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது. முன்னாலிருந்த ஒரு தகப்பன், வள்ளம் வைத்திருப்பவர், தொலைபேசியைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

"மிஸ், உங்கட ஒப்பீசால ஒண்டு போட்டிருக்காங்க. மாஷா அல்லாஹ், என்ன தெளிவு! இப்படி எடுக்க எங்கட போனால ஏலாது."

வாங்கிப் பார்த்தேன். குறூப்பில் இணைப்பாளர் எழுதியிருந்தார்: 'அன்பான பெற்றோர்களே, பலர் அனுப்பிய பிரதிகள் தெளிவாக இல்லை. இதைப்போல் தெளிவாக அனுப்பவும்.' அதற்குக் கீழே நான் ஸ்கான் பண்ணிய பத்திரம்.

முழுதாக அல்ல. அவர் ஒன்றை மறைத்திருந்தார். பதிவு இலக்கத்துக்கு மேல் ஒரு சிவப்புப் பட்டை. கொழும்பில் யாரோ ஒரு திரையில் 'இலக்கங்கள் தனிப்பட்ட தரவு' என்று காட்டியிருக்கவேண்டும். இலக்கத்தை மறைத்துவிட்டார். பிள்ளையின் பெயர் இருந்தது. தாயின் பெயர் இருந்தது. கோடு இருந்தது. 'இல்லை' இருந்தது. இவ்வளவு பத்திரங்களில் அவர் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. மற்ற எதையும் யாரும் அவ்வளவு கவனமாக எடுத்திருக்கவில்லை.

அவருக்கு அழைத்தேன். ஒருதரம், இரண்டுதரம், ஒன்பதுதரம். 'கூட்டத்தில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்' என்று தானாக ஒரு செய்தி வந்தது. என்ன கூட்டம் என்று எனக்குத் தெரியும். அன்று கொழும்பில் ஒரு ஹோட்டலில் சிறுவரின் இணையத் தனியுரிமை பற்றிய கலந்துரையாடல். அவர் மேடையில். குறூப்பில் அவரைத் தவிர வேறு யாராலும் அந்தப் படத்தை அழிக்கமுடியாது. பொறுப்பு ஒராளிட்ட இருக்கவேணுமாம்.

அதற்குள் குறூப்பில் பெருவிரல்கள் முளைத்தன. கும்பிட்ட கைகள். 'நன்றி சேர்.' 'விளங்கியது சேர்.' நடுவில் அந்தத் தாயின் இலக்கத்திலிருந்து ஒரு வரி: 'சேர் இது எங்கட. உடன அழியுங்கோ.' அதற்கும் யாரோ ஒருவர் பெருவிரல் போட்டிருந்தார்.

தாய் கண்டுவிட்டாள் என்று நினைத்தேன். மகள் காண்பதற்குள் போய்ச் சேரவேண்டும். கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். கச்சான் காற்று பக்கவாட்டில் அடித்து, கடலுக்கு நடுவே போகும் தாம்போதியில் இரண்டுதரம் என்னை வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் தள்ளியது. வழி முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். பிரிவு இலக்கங்களோடு. அவ்வளவு மூடத்தனம்.

மகள் தகரக் கேற்றடியில் நின்றாள். பாடசாலைச் சட்டை மாற்றவில்லை. கையில் தாயின் தொலைபேசி.

"அம்மா எங்க?"

"கருவாடு காயப்போட்ட இடத்தில. பின்னேரம்தான் வருவா."

"குறூப்பில மெசேஜ் போட்டது…"

"நான்தான். அம்மான்ர வட்ஸ்அப் நான்தானே பாக்கிறது, மிஸ். அவ கோல் மட்டும்தான் எடுப்பா."

தெரிந்திருக்கவேண்டும். பெற்றோருக்கென்று நாங்கள் தொடங்கிய குறூப்பில் பாதி பிள்ளைகள்தான் இருந்தார்கள், தாய் தகப்பனின் பெயரில். அந்தப் பொடியன் தனக்குத் தானே சம்மதித்ததைக் கந்தோரில் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நான்.

"படத்தை வாசிச்சனியோ?"

"வாசிக்காமல் எப்பிடி எங்கடயெண்டு தெரியும்? அவ்வளவு தெளிவாக் கிடந்தது."

"இஞ்ச பார், பிள்ளை, அது வந்து…"

"விளக்கம் வேண்டாம், மிஸ்." அவள் அழவில்லை. கணக்கு ஒன்றைத் தவறாகச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "'எங்கட' எண்டு போட்டதுதான் என்ர பிழை. அவசரத்தில போட்டிட்டன். பிறகு அழிச்சன், அதுக்குள்ள ஒராள் லைக் போட்டிட்டார். ஆரும் கேட்டா எங்கட இல்லையெண்டு சொல்லுவன். எங்கட கோயில் பங்கில அம்மான்ர பேரில அஞ்சு பேர், என்ர பேரில ஏழு பேர்."

"அம்மாவுக்கு?"

"அம்மான்ர போனில இருந்து குறூப்பை எடுத்திட்டன். நான் கண்டது அவவுக்குத் தெரியவேண்டாம்."

"ஏன்?"

தொலைபேசியைச் சட்டையில் துடைத்தாள். "ஒருநாளைக்கு என்னட்டச் சொல்லுறதுக்கெண்டு வைச்சிருப்பா. அவ சொல்லட்டும்."

நான் வாயைத் திறந்தேன்.

"சத்தியம் கித்தியம் ஒண்டும் பண்ணவேண்டாம், மிஸ். சொல்லாதேங்கோ, அவ்வளவும் காணும்."

இணைப்பாளர் பொழுதுபட அழைத்தார். பின்னணியில் கரண்டிச் சத்தம்.

"என்ன தங்கச்சி, இத்தினை மிஸ் கோல்? ஆரும் செத்ததோ?"

"சேர், அந்தப் படம்."

"இலக்கத்தை மறைச்சுத்தானே போட்டனான்."

"பேர் கிடக்கு. தாய்ன்ர பேர் கிடக்கு. கலியாணம் கட்டேல்லையெண்டு கிடக்கு."

"அட, அதையெல்லாம் ஆர் வாசிக்கிறது? ஆக்கள் தெளிவைத்தான் பாப்பினம்."

அவர் நிஜமாகவே அப்படி நம்பினார். அதுதான் எனக்குத் தாங்கமுடியாதது. கெட்ட மனிதன் என்றால் ஒருவகை மரியாதையாவது வரும். படத்தை அழித்துவிட்டு, 'தொழில்நுட்பக் கோளாறுக்கு வருந்துகிறோம்' என்று எழுதினார். தொழில்நுட்பத்துக்கு வாயிருந்தால் காறித் துப்பியிருக்கும்.

மறுநாள் காலையில் கொழும்பிலிருந்து சம்பவப் படிவம் வந்தது. நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் 'வெளியான ஆவணத்தின் பிரதியை இணைக்கவும்.' ஓம், உண்மையாகத்தான். நான்காம் பக்கத்தில் தாயும் பிள்ளையும் கையெழுத்து வைக்க இரண்டு கோடுகள், ஒரே தாளில், ஒன்றுக்குக் கீழே ஒன்று. 'மேற்படி விவரங்கள் வெளியானமை எங்களுக்கு அறிவிக்கப்பட்டது.' மேற்படி விவரங்கள் மேலே ஒவ்வொன்றாக எழுதப்படவேண்டும்.

பாதிக்கப்பட்டவருக்கு அறிவிக்கவேண்டும் என்பது நியாயம். அதையும் நான் கோடிட்டுத்தான் வைத்திருந்தேன். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் ஒருவருக்காக ஒருவர் ஒரே விசயத்தை மறைக்கும்போது யாருக்கு எதை அறிவிப்பது என்று மட்டும் அதில் இல்லை. அந்தப் படிவத்தை நான் நிரப்பவில்லை. மூன்று நினைவூட்டல்கள் வந்தன. பிறகு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படமாட்டாது என்று கடிதம் வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று அதிலேயே எழுதியிருந்தார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. படிவம் வந்த அன்றே, நான் அதை மேசையில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, தாய் வந்தாள். கதவைத் தட்டவில்லை. வந்து கதிரையை இழுத்து இருந்தாள். படிவத்தைக் குப்புறப் போட்டேன்.

"பக்கத்து வீட்டு மனிசி கேட்டவ. 'குறூப்பில உன்ர பேரில ஒண்டு வந்தது, உன்ரயோ?' எண்டு. இல்லையெண்டன்."

"அக்கா…"

"நீங்கள் சத்தியம் பண்ணினனீங்கள்."

"ஓம்."

"பிள்ளையள் விளையாட்டுக்குப் பண்ணுற மாதிரி."

"ஓம்."

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லாயிருக்கும் என்று காத்திருந்தேன். அவள் தண்ணீர்ப் போத்தலின் மூடியைக்கூடத் தொடவில்லை.

"ஊர் கதைக்கும். ரெண்டு கிழமையில வேற கதை வந்தா விட்டிடும். எனக்கு ஊரைப் பற்றி இல்லை. ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அவள் கண்டாளோ?"

மேசையைப் பார்த்தேன். "இல்லை அக்கா. படம் போட்ட உடனேயே உங்கட நம்பரை நான் குறூப்பில இருந்து எடுத்திட்டன். அவ காண முதல்."

அட்மின் இல்லாத எனக்கு அது செய்யவே முடியாத காரியம். அவளுக்கு அது தெரியாது என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"உடனேயோ?"

"உடனே."

"அப்பிடியோ." மேசையில் கையை ஊன்றி எழுந்தாள். எழுந்து நின்றபடி, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்: "நேற்றிரவு சாப்பிடேக்க என்னை நிமிந்து நிமிந்து பாத்தவள். மற்ற நாளெல்லாம் சோத்துக் கோப்பையைப் பாத்துத்தான் சாப்பிடுவாள். தகப்பனுக்கு ரெண்டாம்தரம் சோறு போட்டவள், கேக்காமலே."

குப்புறக் கிடந்த படிவத்தின் மேல் கையை வைத்தேன்.

"பயப்பிடாதேங்கோ, தங்கச்சி. நீங்கள் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை." பையைத் தோளில் போட்டாள். "பதினெட்டு வரைக்கும் இனிப் பொறுக்கேலாது. ஞாயிறு பூசை முடிய கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்லப்போறன். அவள் முதல்தரம் கேக்கிற மாதிரிக் கேப்பாள். நானும் அப்பிடித்தான் சொல்லுவன்."

கதவடியில் நின்று திரும்பினாள்.

"சனி வகுப்பு எத்தினை மணிக்கு?"

"ஒன்பதுக்கு. நிப்பாட்டேல்லையோ அக்கா?"

"நிப்பாட்டினா ஏன் எண்டு கேப்பாள். ஞாயிறுக்கு முதல் கேக்கக்கூடாது."